கோபக்காரர்களை வடிகட்டிய கல்யாணம்

செவலாங்குறிச்சியில் உரக்கடை மாடியில் ஒரு கணினிக் கம்பெனி இருக்கிறது. படி ஏறும்போதே யூரியா வாசனை மூக்கைத் துளைக்கும். மேலே போனால் நாலு பேர் நாலு கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, உலகத்தையே தாங்கிப் பிடித்திருக்கும் முகத்தோடு தட்டிக்கொண்டிருப்பார்கள். நாலும் தங்கமான பிள்ளைகள். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள், சொன்னதற்கு மேல் ஒரு அரிசி அளவுகூட யோசிக்கவும் மாட்டார்கள். அதுதான் வினை.

நாலு பேருக்கும் தலைவன் ஆவுடையப்பன். அவனுக்குக் கீழே பலவேசம், முப்பிடாதி, கோமு. மற்ற மூவரும் முட்டாள்கள் என்பது ஆவுடையப்பனுக்கு நன்றாகத் தெரியும். தன்னைப் பற்றி அவன் அவ்வளவாக யோசித்ததில்லை.

அவர்கள் வேலை பார்க்கும் லட்சணத்துக்கு ஒரு சம்பவம் சொன்னால் போதும். ஒரு பாத்திரக்கடைக்காரர் வந்து, கணினியில் இருக்கும் பாத்திரங்களில் நசுங்கினதை மட்டும் பார்த்து, அதன் பெயருக்குப் பக்கத்தில் 'நசுங்கல்' என்று போட்டுத் தரச் சொன்னார். பிள்ளைகள் புரோகிராம் எழுதினார்கள். மொத்தப் பாத்திரங்களிலிருந்து நசுங்கினவற்றை அழகாக வடிகட்டினார்கள். வடிகட்டி வந்ததைத் தனியாக ஒரு நகலாக வைத்துக்கொண்டு, அந்த நகலில் ஒன்றுவிடாமல் 'நசுங்கல்' என்று போட்டார்கள். பிறகு கைகொடுத்துக்கொண்டு டீ குடித்தார்கள். கடையின் அசல் பட்டியலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"என்னவே, எங்க கடையில எல்லாப் பாத்திரமும் நல்ல பாத்திரமாவே காட்டுதே?" என்றார் கடைக்காரர்.

"எங்ககிட்ட நசுங்கித்தான் இருக்கு அண்ணாச்சி. சந்தேகம்னா வந்து பாருங்க" என்றான் பலவேசம்.

இப்படிப்பட்ட கம்பெனியின் தலைவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

பெண் பனையடிக்குளத்துச் செண்பகவடிவு. ஆவுடையப்பன் அவளை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான். பெண் பார்க்கப் போன அன்று, பஜ்ஜித் தட்டை நீட்டிக்கொண்டே அவள், "சூடு, ஊதித் தின்னுங்க" என்றாள். அவன் தட்டு முழுவதையும் ஊதிவிட்டுத் தின்றான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவன் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. அவள் கிடைக்காவிட்டால் தனக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணமே வேண்டாம் என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

நடுவில் நின்றவர் ஒருவர்தான். பெண்ணின் தாய்மாமன் குத்தாலிங்கம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் அவர்கள் குடும்பத்தில் தாலி ஏறாது. அவரோ மண்டபத்துக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக, மீசையை ஒதுக்கிக்கொண்டு அறிவித்துவிட்டார்.

"மாப்ளே, எங்க சனத்துல ஒருத்தர் முகம் சுருங்கியிருந்தாலும் நான் மாலையைத் தொட மாட்டேன். அம்புட்டு பேரும் சிரிச்ச முகமா இருக்கணும். இல்லன்னா வந்த பஸ்ஸுலயே பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவேன்."

கல்யாண வீட்டில் கோபித்துக்கொள்ளாத சொந்தம் எந்த ஊரில் உண்டு? முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூன்று முகம் சுருங்கிவிட்டது. பத்திரிகையில் பெயர் அடியில் போய்விட்டது என்று பெரியப்பா ஒருவர். காபியில் ஆடை மிதந்தது என்று அத்தை ஒருத்தி. தன்னை 'வாங்க' என்று கூப்பிட்டவர் கூப்பிடும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சித்தப்பா ஒருவர்.

ஆவுடையப்பனால் மேடையை விட்டு இறங்க முடியவில்லை. ஐயர் அவனை ஹோமப் புகைக்குள் உட்கார வைத்திருந்தார். கையில் காப்பு வேறு கட்டியாகிவிட்டது. காப்புக் கட்டின மாப்பிள்ளை தாலி கட்டி முடிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு தன் படையைக் கூப்பிட்டான்.

"ஏலே, நல்லா கேட்டுக்கோங்க. இதுவும் நம்ம புரோகிராம் மாதிரிதான். பொண்ணு வீட்டு சனத்துல கோவமா இருக்கவங்களை மட்டும் வடிகட்டுங்க. அவங்க மூஞ்சியில கோவத்தை எடுத்துட்டுச் சிரிப்பை வைங்க. அம்புட்டுதான்."

"அம்புட்டுதானா?" என்றான் முப்பிடாதி. "இதுக்கா அண்ணாச்சி இப்படி அழுதீய?"

"நான் அழலலே. புகை."

மூவரும் போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். பலவேசம் செல்போனை நீட்டினான். பெரியப்பா, அத்தை, சித்தப்பா மூன்று பேரும் படத்தில் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடையப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. பிறகுதான் அவன் நிமிர்ந்து மண்டபத்தைப் பார்த்தான். பெரியப்பா இருந்தபடியேதான் இருந்தார். அத்தையின் முகம் முன்னைவிடச் சுருங்கியிருந்தது.

"படத்துல மட்டும் சிரிக்காவளே?"

"ஆமா. மூணு பேரையும் போட்டோ எடுத்து, கோவத்தை அழிச்சுட்டு, சிரிச்சுக்கிட்டு இருந்த சமையல்காரர் பல்லை எடுத்து ஒட்டிட்டோம்."

"நகலை மாத்தினா அசல் எப்படிலே மாறும்?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது அவர்களுக்குப் புதிய செய்தி.

"மாறாதா?" என்றாள் கோமு. அவள் முகம் வெளிறிவிட்டது. "அப்பம் கண்ணாடியில பொட்டு வச்சா நெத்தியில வராதா?"

"நீ எங்க வைக்க?"

"தினமும் கண்ணாடியிலதான். வீட்டுல கண்ணாடி முழுக்கப் பொட்டு. அதான் ஒரு பயலும் நல்லாருக்குன்னு சொல்லலியா?"

முப்பிடாதி அவளுக்கு ஆறுதல் சொன்னான். அதற்குள் படத்தை எட்டிப் பார்த்துவிட்ட பெரியப்பா, "இது யாரு பல்லுவே?" என்று மேடைக்கு வந்துவிட்டார். சமையல்காரர் பல் என்று தெரிந்ததும், "எனக்குச் சொந்தமா பல்லு இல்லங்கிறதைக் குத்திக் காட்டுதியளா?" என்று அவர் கோபம் இரண்டு மடங்கானது.

ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "நகல் எடுக்காதீங்க. தனியா பிரிச்சுக் கொண்டுபோகாதீங்க. அசல் ஆளை, இருக்கிற இடத்துலயே வச்சு, சரி பண்ணுங்க."

இருக்கிற இடத்திலேயே என்று தலைவன் சொன்ன பிறகு, பிள்ளைகள் ஆளை அசைய விடுவார்களா? காபி அத்தை அப்போது கை கழுவுவதற்காகப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் மேல்படியில், ஒரு கால் காற்றில். கோமு ஓடிப்போய் அவள் காலை அப்படியே காற்றில் பிடித்துக்கொண்டாள்.

"அசையாதீங்க அத்தே. இந்த இடத்துலயேதான் உங்க கோவத்தை எடுக்கணும்."

"காலை விடுடி, விழுந்துருவேன்!"

"கோவம் போயிட்டான்னு சொல்லுங்க, விடுதேன்."

"போயிட்டு, போயிட்டு, எல்லாம் போயிட்டு!"

சித்தப்பா மேளக்காரர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தார். அவரையும் அங்கேயே அமுக்கிப் பிடித்து, தவில் சத்தத்துக்கு மேலாக இரண்டு பேர் இரண்டு காதிலும், "கோவமா சித்தப்பா?" என்று கத்தினார்கள். அவருக்கு எதுவுமே கேட்கவில்லை. இவர்கள் வாய் அசைவதைப் பார்த்து ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துச் சிரித்துவிட்டார்.

இப்படியே விட்டிருந்தால்கூடக் கல்யாணம் நடந்திருக்கும். ஆனால் பெண் வீட்டில் இதற்குள் இன்னும் ஏழெட்டுப் பேர் சுருங்கிவிட்டார்கள். கோபித்துக்கொண்டவர்களுக்கு ஒரு குணம், தனியாக உட்கார மாட்டார்கள். மேற்குச் சுவர் ஓரமாக, மண்டபத்திலேயே நன்றாகச் சுற்றுகிற ஒரே மின்விசிறிக்குக் கீழே ஆரம்பித்து, வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"வரிசையா உக்காந்துட்டாவ. இனிமே சுலபம்" என்றான் ஆவுடையப்பன். "முதல் நாற்காலியில ஆரம்பிச்சு ஒவ்வொரு நாற்காலியா போங்க. ஒருத்தரையும் விட்டுறாதீங்க. ஆளுக்கு ஒரு டம்ளர் பாதாம் பால் குடுத்து, நீங்க இல்லாம கல்யாணமே இல்லன்னு சொல்லி, பந்திக்கு அனுப்பி வைங்க."

முதல் நாற்காலியில் பெரியப்பா. பாதாம் பாலைக் குடித்தார், 'நீங்க இல்லாம கல்யாணமே இல்ல' என்பதைக் கேட்டார், எழுந்து பந்திக்குப் போனார். அவர் எழுந்ததும் மின்விசிறிக்குக் கீழே இடம் காலி. விடுவார்களா? இரண்டாம் நாற்காலிக்காரர் முதல் நாற்காலிக்கு நகர்ந்தார், மூன்றாமவர் இரண்டாவதுக்கு, அப்படியே வரிசை முழுக்க ஒரு இடம் நகர்ந்து உட்கார்ந்தது.

பிள்ளைகளோ நாற்காலிக் கணக்கு. முதல் நாற்காலி முடிந்தது, அடுத்தது இரண்டாம் நாற்காலி. அதில் இருந்தவருக்குப் பால் கொடுத்தார்கள். அவர் போனார், வரிசை மறுபடி நகர்ந்தது. அடுத்தது மூன்றாம் நாற்காலி. இப்படியே கடைசிவரை போய், கடமையை முடித்த நிம்மதியோடு திரும்பிப் பார்த்தால், பாதி வரிசை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் விட்டு ஒருவர் தப்பியிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்தவருக்குப் பால் கிடைத்து, தன் மூக்குக்கு முன்னாலேயே டம்ளர் தாண்டிப் போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒவ்வொருவர் மூஞ்சியிலும் எள் போட்டால் வெடிக்கும்.

"விட்டுப்போச்சேலே!" என்றான் ஆவுடையப்பன்.

"ஒரு நாற்காலியையும் விடல அண்ணாச்சி" என்றான் பலவேசம். "சாமி சத்தியமா எல்லா நாற்காலிக்கும் குடுத்தோம். ஆளுங்க நகர்ந்தா நாற்காலி என்ன செய்யும்?"

"நாற்காலி மேல தப்பில்ல" என்று முப்பிடாதியும் ஒத்துக்கொண்டான்.

இதில் இன்னொரு கூத்து ஆரம்பித்தது. அதுவரை வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்த நல்ல சொந்தங்கள் பாதாம் பாலைப் பார்த்துவிட்டார்கள்.

"கோவிச்சுக்கிட்டவனுக்குப் பாதாம் பாலு, சிரிச்சுக்கிட்டு இருக்கவனுக்கு வெறும் வெத்தலையா?" என்று ஒரு மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்வி. கேட்டுவிட்டு அவரும் வரிசையில் போய் உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே அவர் மனைவி, அவள் பின்னால் அவள் தங்கைகள். பந்திக்குப் போனவர்கள்கூட, சாம்பாரில் தாங்கள் கேட்ட முருங்கைக்காய் வரவில்லை என்று புதிதாக ஒரு கோபத்தைத் தயார் செய்துகொண்டு கடைசி நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்கள். காபி அத்தை தானாகவே படிக்குப் போய் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகள் ஒருவரைச் சமாதானப்படுத்துவதற்குள் இரண்டு பேர் சேர்ந்தார்கள். வரிசை மேற்குச் சுவரைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவுக்குப் போய்விட்டது. தெருவில் போன இரண்டு பேர் என்ன விஷயம் என்று கேட்காமலேயே கோபித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பால் தீர்ந்தது. பால் தீர்ந்ததும் சமையல்காரர், தன் பல்லைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்று ஞாபகம் வந்து கரண்டியைப் போட்டார். மேளக்காரர்களும் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வந்தார்கள்.

"அண்ணாச்சி," என்றாள் கோமு, "முடிக்க முடிக்க நீளுது. இது முடியுற மாதிரி தெரியல."

அப்போது தாய்மாமன் குத்தாலிங்கம் எழுந்து நின்றார். வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். மீசை துடித்தது. "ஏறுங்க எல்லாரும் பஸ்ஸுல!" என்றார்.

புகையில் கண்ணை மூடியிருந்த மாப்பிள்ளைக்குக் கூச்சலில் இது காதில் விழவில்லை. ஆவுடையப்பன் கண்ணைத் திறந்தபோது பிள்ளைகள் மூவரும் அவன் முன்னால் முகம் பிரகாசமாக நின்றார்கள்.

"அண்ணாச்சி, வெற்றி! மண்டபம் முழுக்க வடிகட்டிப் பார்த்தாச்சு. கோவமா இருக்க ஆளு ஒருத்தர்கூட இல்ல!"

"ஒருத்தர்கூடவா?" ஆவுடையப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பியது. இந்தத் தடவை புகையினால் அல்ல. அவன் தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு, வெட்கத்தோடு பக்கத்து மணையைத் திரும்பிப் பார்த்தான். அங்கே ஒரு தேங்காய் மட்டும் இருந்தது.

"பொண்ணு எங்கலே?"

"அவங்களும் கோவமா இல்ல அண்ணாச்சி" என்றான் முப்பிடாதி. "எப்படி இருப்பாவ? மண்டபத்துலயே இல்லியே."

மாப்பிள்ளை வீட்டாரும் சமாதானம் பேசப் பின்னாலேயே போயிருந்தார்கள். மண்டபத்தில் ஐயரும் இந்த நாலு பேரும் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. ஆவுடையப்பன் மாலையும் கழுத்துமாகத் தெருவில் பாய்ந்தான். பின்னால் பஞ்சகச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐயர். அவருக்குப் பின்னால், எதற்கு ஓடுகிறோம் என்று கேட்கத் தோன்றாத மூன்று பேர். ஓடும்போது ஆவுடையப்பனுக்கு ஒரே நினைப்புதான். பஸ் எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால், காப்புக் கட்டின கையோடு தான் தாண்ட முடியாது. செண்பகவடிவு போய்விடுவாள். இனி ஆயுசுக்கும் பஜ்ஜியை ஊதித் தின்னும்போதெல்லாம் அழ வேண்டியதுதான்.

எல்லைக்கல் தெரிந்தது. அதற்கு நாலு முழம் இந்தப் பக்கம் பஸ்ஸும் தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது.

பஸ்ஸை ஓட்டி வந்த டிரைவர் சீட்டில் இல்லை. சாலையோரத்துப் புளியமரத்தடியில், முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடியற்காலையிலிருந்து இங்கேயே காத்துக் கிடக்கிறேன், ஒரு நாதி வந்து 'சாப்பிடுங்க' என்று சொல்லவில்லை, நான் வண்டி எடுக்க மாட்டேன் என்று மனிதர் கோபித்துக்கொண்டுவிட்டார்.

அவரைச் சுற்றிப் பனையடிக்குளத்துச் சனம் கூட்டமாக நின்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

"கோவிச்சுக்கிடாதீங்க தம்பி" என்றார் பெரியப்பா, பல் இல்லாத வாய் முழுக்கச் சிரித்து. "வாங்க ராசா, நீங்க இல்லாம பஸ்ஸே இல்ல" என்று தாடையைப் பிடித்தாள் காபி அத்தை. சித்தப்பா நேராக அவர் முகத்தையே பார்த்து 'வாங்க, வாங்க' என்று பத்துத் தடவை கூப்பிட்டார். அடுத்தவன் கோபத்தைத் தணிக்கிறவன் தன் மூஞ்சியைச் சுருக்கி வைத்திருக்க முடியுமா? அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மாமா!" என்று மூச்சிரைக்கக் கத்தினான் ஆவுடையப்பன். "பாருங்க மாமா! உங்க சனத்துல யாராவது கோவமா இருக்காவளா?"

குத்தாலிங்கம் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். டிரைவரைத் தவிர எல்லாரும் சிரித்தபடி இருந்தார்கள். டிரைவர் அவர் சனம் இல்லை, வாடகை பஸ்ஸோடு வந்தவர். கொடுத்த வாக்கு கொடுத்த வாக்குதான். மீசையை நாலு தடவை தடவிவிட்டு, "ஒருத்தரும் இல்ல" என்று ஒப்புக்கொண்டார்.

"ஒருத்தி இருக்கேன்" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

செண்பகவடிவு. மூன்று பேர் உட்காரும் இருக்கையில் இரண்டு பெண்களுக்கு நடுவில் நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். நகையும் பூவும் வியர்வையுமாக முகம் சிவந்திருந்தது.

பலவேசம் உடனே செல்போனை எடுத்தான். ஆவுடையப்பன் அவன் கையைத் தட்டிவிட்டு, தானே பஸ்ஸில் ஏறி அவள் முன்னால் போய் நின்றான்.

"கோவமா?"

"காலையிலருந்து ஊருல உள்ள எல்லாரையும் கேட்டீய. என்னைய யாரும் கேக்கல."

"இப்பம் கேக்கேன். என்ன வேணும்?"

"சன்னல் சீட்டு."

சன்னலோரம் உட்கார்ந்திருந்த இன்னொரு அத்தை சிரித்துக்கொண்டே எழுந்தாள். செண்பகவடிவு நகர்ந்து உட்கார்ந்தாள். காற்று முகத்தில் பட்டதும் சிரித்தாள். பஜ்ஜி நீட்டிய அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. ஆவுடையப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

குத்தாலிங்கம் மாலையை எடுத்துக் கொடுத்தார். ஐயர் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் நின்று மந்திரம் சொன்னார். எல்லைக்கல்லுக்கு நாலு முழம் இந்தப் பக்கம், பஸ்ஸுக்குள்ளேயே, சன்னலோரத்தில் வைத்து ஆவுடையப்பன் தாலி கட்டினான். கெட்டிமேளம் மேற்கூரையில் ஏறி முழங்கியது.

இனி மண்டபத்துக்குத் திரும்பிப் போய்ச் சாப்பிட வேண்டியதுதான் பாக்கி. எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கல்யாணக் கும்மாளத்தில் டிரைவரை மறந்தே போனார்கள்.

"அண்ணாச்சி, நீங்க உக்காருங்க" என்றான் பலவேசம். "இதை நாங்க பாத்துக்கிடுதோம்."

மூவரும் இறங்கிப் போய் டிரைவரைப் போட்டோ எடுத்தார்கள். கோபத்தை அழித்தார்கள். சமையல்காரர் பல்லை ஒட்டினார்கள். செல்போனைப் பக்குவமாகக் கொண்டுவந்து டிரைவர் சீட்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு, பின்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

"வண்டி கிளம்பிட்டா?" என்றாள் கோமு கொஞ்ச நேரம் கழித்து.

முப்பிடாதி வெளியே எட்டிப் பார்த்தான். "தெரியல. மரமெல்லாம் நின்ன இடத்துலயே நிக்கி."

"மரத்துக்கு என்ன கோவமோ" என்றான் பலவேசம்.

மரத்தடியில் டிரைவருக்குப் பசி தாங்கவில்லை. கோபித்துக்கொண்டது போதும், பந்தியாவது கிடைக்கும் என்று எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தார். முன் கதவைத் திறந்து ஏறப்போனவர், தன் சீட்டைப் பார்த்துவிட்டு நின்றார். அங்கே ஏற்கெனவே டிரைவர் இருந்தார். மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டு, பின்பக்கமாக ஏறி, கடைசி இருக்கையில் பலவேசத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. கடைசியில் டிரைவருக்குத்தான் முதலில் பொறுமை போனது.

"என்ன ஆளுவே இவன்!" என்று அவர் எழுந்து நின்று முன்பக்கம் பார்த்துக் கத்தினார். "சிரிச்சுக்கிட்டே இருக்கானே தவிர, வண்டியை எடுக்க மாட்டேங்கானே!"